உஷார்! வண்டல் கொட்டுமுன் வேரைப் பாருங்கள்

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடிக்க டிராக்டர்கள் இறங்கிவிடும். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மண்ணுக்கு விலை கிடையாது, வண்டி வாடகையும் ஏற்று கூலியும்தான் செலவு. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இது நல்ல காரியம், செய்யவேண்டிய காரியம். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாலாஜா என்று பாலாற்றையும் அதில் வந்து சேரும் ஓடைகளையும் ஒட்டிக் கழனி வைத்திருப்பவர்கள் உஷாராக இருக்கவேண்டும். உங்கள் ஏரிக்கு வரும் கால்வாயில் எந்தக் காலத்திலாவது டேனரித் தண்ணீர், அதாவது தோல் பதனிடும் ஆலைக் கழிவு, ஓடியிருந்தால், அந்த வண்டலைச் சோதிக்காமல் ஒரு வண்டிகூட நிலத்தில் இறக்காதீர்கள். கறுப்பாக, கொழகொழப்பாக, பார்த்தாலே சத்துள்ளதுபோல இருக்கும். நம்பாதீர்கள்.

பயிர் உடனே பட்டுப்போகும் என்று நான் சொல்லவரவில்லை. பயிர் முதல் பட்டத்தில் ஓரளவு வந்துவிடும், அதுதான் ஆபத்து. முதலில் அடிபடுவது கண்ணுக்குத் தெரியாத வேறோர் உயிர்.

வேர்க்கடலை, சோளம், கேழ்வரகு, கத்திரி, மிளகாய், தென்னை, மா இவை எதுவும் தன் வேரை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. அவற்றின் வேருக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. வேளாண் துறையில் 'வேம்' என்பார்கள், வேர் உட்பூசணம் என்றும் சொல்வார்கள். வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் இந்த ஏற்பாட்டுக்கு மைக்கோரைசா என்று 1885இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிராங்க். ஏற்பாடு அதைவிட மிக மிகப் பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறையில் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகள் கல்லாகக் கிடைத்தன. அவற்றின் உடலுக்குள்ளும் இதே வகைப் பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு அப்போது வேர் என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகியிருக்கவே இல்லை. இன்றைக்கும் செடி வகைகளில் 100க்கு 70க்கு மேல் இந்தப் பூஞ்சையோடுதான் வாழ்கின்றன.

ஏன் அவ்வளவு தேவை? மணிச்சத்து மண்ணில் நகராது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால், அதற்கு அப்பால் எவ்வளவு கிடந்தாலும் வேருக்கு எட்டாது. பூஞ்சையின் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. தூவி நுழைய முடியாத இடுக்கில் அது நுழைந்து, பல சென்டிமீட்டர் தள்ளிப்போய், மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் எடுத்துவந்து வேரின் உயிரணுவுக்குள்ளேயே கொடுக்கும். நல்ல மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் பல மீட்டர் நீளத்துக்கு இழை ஓடியிருக்கும். பதிலுக்குச் செடி, தான் இலையில் தயாரித்த உணவில் ஐந்தில் ஒரு பங்குவரை பூஞ்சைக்குத் தருகிறது. சர்க்கரை மட்டுமல்ல, கொழுப்பும் தருகிறது என்று 2017இல் உறுதியானது. அந்தக் கொழுப்பை இந்தப் பூஞ்சையால் தானே தயாரிக்க முடியாது. ஆகவே உயிருள்ள வேர் இல்லாத நிலத்தில் இது பெருகாது. விதைபோன்ற வித்துகளாகக் காத்துக் கிடக்கும், காத்திருந்து காத்திருந்து குறைந்துபோகும்.

இந்த இழைகள் மண் துகள்களைப் பிணைத்து மண்ணைப் பொலபொலப்பாக வைக்கின்றன. வேர்க்கடலையிலும் உளுந்திலும் இன்னொரு கூட்டாளியும் உண்டு, வேர்முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபிய பாக்டீரியா. அந்த வேலைக்கு மணிச்சத்து ஏராளமாகத் தேவை. அதைக் கொண்டுவருவது பூஞ்சை. பூஞ்சை போனால் முடிச்சும் நலிந்துபோகும்.

இனி டேனரிக் கழிவு இதை என்ன செய்கிறது என்று பாருங்கள். குரோமியம் என்ற பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம். என் கணிப்பில் வேருக்கு முதல் எதிரி சாதாரணச் சமையல் உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட உப்பு போடுவார்கள். தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அத்தனையும் தண்ணீரில் இறங்குகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு இருந்தது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, குரோம் பதனிடுதல் பெருகியபோது அதன்மேல் குரோமிய உப்பும் சேர்ந்தது.

உப்பிலுள்ள சோடியம் மண்ணில் ஏறிவிட்டால் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடும். மழை பெய்ததும் நுண்ணிய துகள் இறங்கி இடுக்குகளை அடைக்கும், மேலே ஓடு கட்டும், அடியில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் பூஞ்சை இழை ஓடாது. உப்பு கூடிய மண்ணில் அதன் வித்து முளைப்பதே தாமதமாகும், அல்லது முளைக்காது. இதில் வயிற்றெரிச்சலான ஒன்று உண்டு. செடிக்குள் சோடியம் ஏறாமல் பொட்டாசியத்தை ஏற்றிக்கொடுத்து உப்பைத் தாங்கவைப்பது இதே பூஞ்சைதான். எந்த மண்ணில் அதன் துணை மிகவும் வேண்டுமோ அந்த மண்ணில்தான் அது அருகிப்போகிறது.

குரோமியத்தின் கதை வேறு. தோல் பதனிடும்போது போடும் குரோமியத்தில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் கழிவோடு போகிறது. அது மூன்று இணைதிறன் கொண்ட வகை, சாதாரண மண்ணில் கரையாமல் படிந்துவிடும். இதைச் சொல்லித்தான் "ஒன்றும் செய்யாது" என்று ஆறுதல் தருகிறார்கள். 1979இல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மண் ஆய்வாளர்கள், வயல் மண்ணில் இயல்பாக இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு இந்தக் குரோமியத்தை ஆறு இணைதிறன் வகையாக மாற்றக்கூடும் என்று காட்டினார்கள். அது கரையும், நிலத்தடி நீரில் போகும், நுண்ணுயிருக்கும் மனிதருக்கும் நஞ்சு. எல்லா மண்ணிலும் எப்போதும் இது நடக்காது, நடக்கும் மண் எது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. படிந்த குரோமியம் எங்கும் போகாமல் அங்கேயே இருக்கும். பூஞ்சை ஓரளவு உலோகத்தைத் தன் இழையிலேயே பிடித்துவைத்துச் செடியின் மேல்பாகத்துக்குப் போகாமல் தடுக்கும். பூஞ்சை குறைந்த நிலத்தில் அந்தத் தடுப்பும் இல்லை.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போதுதான் சுத்திகரிக்கிறார்களே" என்று கேட்பீர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருப்பதும், கழிவுநீரை வெளியே விடாமல் சவ்வுகளில் வடித்து உப்பைப் பிரிப்பதும் உண்மை. பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனால் நாம் பேசுவது ஏரியின் அடியில் கிடப்பதைப் பற்றி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியபோது, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அதில் இடம்பெற்றது. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது. அந்த நிலங்களைக் கெடுத்த தண்ணீர் எந்தக் கால்வாய்களில் ஓடியதோ அவற்றில் பல, ஏரிகளில்தான் போய் முடிகின்றன. மேலே ஓடிய தண்ணீர் மாறலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது, மேலாக இருந்த உப்பு கொஞ்சம் கழுவிப்போயிருக்கும். களியோடு ஒட்டிய குரோமியம் அப்படிக் கழுவிப்போகாது. வண்டலை வெட்டும் பொக்லைன் பழைய ஆண்டுகளின் படிவைத்தான் தோண்டி மேலே எடுக்கிறது.

இழப்பீட்டுக் கதையையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் "பணம் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள், நிலம் சரியாகிவிட்டது" என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்தத் தீர்ப்பையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 குடும்பங்களுக்கு மொத்தம் 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள், சராசரியாகக் குடும்பத்துக்கு 10,000 ரூபாய்கூட வராது. அதுவும் 1991 ஆகஸ்ட் முதல் 1998 கடைசிவரைக்கான நட்டத்துக்கு. அந்தத் தொகையையும் பின்னால் 2009இல் அறிவித்ததையும் கொடுத்து முடியுங்கள், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. பணம் வந்தாலும் அது போன விளைச்சலுக்கான பணம். மண்ணுக்குள் போன உயிரை அது திருப்பித் தராது.

அடுத்த உஷார், ஸ்லட்ஜ். சுத்திகரிப்பு நிலையக் கசடையும், தோலில் சுரண்டிய சதையையும், முடியையும் "நல்ல சத்து உரம், இலவசமாக லோடு இறக்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் வாசலிலேயே நிறுத்துங்கள். குரோமியம் கலந்த டேனரிக் கசடு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. அதை வயலில் கொட்ட யாருக்கும் உரிமை இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அதே சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத பொருளுக்கு நம் கழனிதான் இடம் என்று ஆகிவிடக் கூடாது.

கசடு என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நீண்ட பாடம் இருக்கிறது. வோபர்ன் என்ற ஆராய்ச்சிப் பண்ணையில் 1942 முதல் 1961 வரை நகரச் சாக்கடைக் கசடை உரமாகப் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். 20 ஆண்டுக்கு மேல் கழித்து, 1980களில், அந்த மண்ணில் குளோவர் என்ற தீவனப்பயிரை விதைத்துப் பார்த்தபோது விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. வேரில் முடிச்சு இருந்தது. ஆனால் அந்த முடிச்சு தழைச்சத்தைப் பிடிக்கவில்லை. கசடிலிருந்த உலோகங்களுக்கு நடுவில் தாக்குப்பிடித்த ரைசோபியம், வேலை செய்யாத வகை ஒன்றுதான். அங்கே குற்றவாளிகள் துத்தநாகம், காட்மியம் போன்றவை, நம்முடையது குரோமியம். உலோகம் வேறு, ஆனால் கொட்டுவதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆனபிறகும் மண் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி ஏமாற்றும் அடையாளங்கள். கழனி ஓரத்தில் பாலக்கும் முளைக்கீரையும் தளதளவென்று வந்தால் "மண் தேறிவிட்டது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். கீரைக் குடும்பத்துக்கும் கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கிக் குடும்பத்துக்கும் இந்தப் பூஞ்சைக் கூட்டு பொதுவாகக் கிடையாது. பாலக் உப்பையும் நன்றாகத் தாங்கும். ஆகவே பூஞ்சை செத்த மண்ணிலும் அவை பச்சையாக நிற்கும். போதாக்குறைக்கு, இலைக்காய்கறிகள்தான் உலோகத்தை அதிகம் ஏற்றிக்கொள்கின்றன. சந்தேகமான மண்ணில் கீரை போடாதீர்கள். விற்கவும் வேண்டாம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடையவும் வேண்டாம். சீமைக்கருவேலம் செழித்து நிற்பதும் அத்தாட்சி ஆகாது, உப்பு நிலத்தில் பிழைக்கத் தெரிந்த மரம் அது.

மண்வள அட்டை இருக்கிறதே என்றால், 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 12 பொருள்களைப் பார்க்கிறார்கள். கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன், கரிமம், பேரூட்டங்கள், கந்தகம், நுண்ணூட்டங்கள். அதில் குரோமியம் இல்லை. சோடியம் இல்லை. மண்ணில் உயிர் உண்டா என்ற கேள்வியே இல்லை. அட்டையில் எல்லாம் "போதுமான அளவு" என்று வந்த நிலத்திலும் வேர் பட்டினி கிடக்கலாம். வேறு மாவட்டத்துக்கு அந்த அட்டை போதும், பாலாற்றங்கரைக்குப் போதாது.

மூன்றாவது உஷார், கடையில் விற்கும் வேம் பாக்கெட். நல்ல பொருளும் உண்டு, 2009 முதல் மைக்கோரைசா உயிர் உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தரமும் வகுத்திருக்கிறார்கள். உயிர் உள்ள சரக்கு அது. வெயிலில் அடுக்கிய கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதற்குள் என்ன மிஞ்சும்? நல்ல சரக்கேயானாலும் சோடியம் ஏறிய மண்ணில் போட்டால் காசு வீண். அதோடு அடியுரமாக டிஏபியைக் கொட்டினால் இன்னும் வீண். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூஞ்சையை உள்ளே விடாது. விதையில் கார்பென்டசிம் கலந்து, பக்கத்திலேயே வேம் போடுபவர்களையும் பார்க்கிறோம். பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பிரிக்கத் தெரியாது.

தரிசு நிலத்துக்காரர்கள் தனியாக உஷாராக வேண்டும். தண்ணீர் கெட்டதால் பல ஆண்டு போட்டுவைத்த கொல்லையை, இப்போது போர் தண்ணீர் கொஞ்சம் தேறியிருக்கிறதென்று மறுபடி உழப்போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களைகூட இல்லாமல் நெடுநாள் தரிசு விட்ட நிலத்தில் சூரியகாந்தி விதைத்தபோது பயிர் மணிச்சத்துப் பஞ்சத்தில் குன்றிப்போனது. மண்ணில் பூஞ்சை வித்து குறைந்துபோயிருந்ததுதான் காரணம் என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். அங்கே மாசு எதுவும் இல்லை, தரிசு மட்டும்தான். நம் நிலத்தில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. அதனால் முதல் பட்டத்திலேயே வேர்க்கடலையில் பணத்தைக் கொட்டாதீர்கள். வரப்பிலும் கொல்லையிலும் தானாக வளர்ந்த புல்லைக் கொளுத்தாதீர்கள். அந்த உப்பு மண்ணுக்குப் பழகிய பூஞ்சை அந்தப் புல்லின் வேரில்தான் உயிரோடு இருக்கும், பாக்கெட்டில் வருவதைவிட அது உங்கள் மண்ணுக்கு ஏற்றது. தண்ணீர் வடியும் நிலமாக இருந்தால், சோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரால் சோடியத்தைக் கீழே இறக்கி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். பிறகு சோளமோ கேழ்வரகோ ஒரு போகம் போகட்டும். தானிய வேரில் பூஞ்சை பெருகியபிறகு கடலைக்கும் கத்திரிக்கும் வரலாம். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் மட்டும் கொட்டிப் பயனில்லை, வெளியேறிய சோடியம் போக வழி வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை. காய்ந்த மண்ணில் கடலைப்பருப்பு அளவு கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் மழைத்தண்ணீர் விட்டு மெதுவாக அதில் இறக்குங்கள். கலக்கவேண்டாம். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் வெண்கலங்கல் பரவினால் சோடியம் இருக்கிறது. போர் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள், உப்புத் தண்ணீர் உண்மையை மறைத்துவிடும். வண்டலுக்கும் இதே சோதனை செய்யலாம். ஆனால் கலங்கவில்லை என்பதால் குரோமியம் இல்லை என்று ஆகிவிடாது.

வேர்முடிச்சையும் பாருங்கள். கடலை விதைத்து 40, 45 நாளில் வயலில் நான்கைந்து இடத்தில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் முடிச்சு சும்மா இருக்கிறது. பூஞ்சையை இப்படிக் கண்ணால் பார்க்க முடியாது. வேருக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும்.

விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்து "டெஸ்ட் பண்ணுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் வழக்கமான அட்டைதான் கிடைக்கும். மாற்று அயனிகளில் சோடியத்தின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள், 100க்கு 15ஐத் தாண்டினால் அது சோடிய மண். மொத்தக் குரோமியமும் ஆறு இணைதிறன் குரோமியமும் தனித்தனியாக எந்த ஆய்வகத்தில் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேரில் வேம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வழியுண்டா என்றும் கேளுங்கள். தனியொருவராகப் போனால் செலவு கையைக் கடிக்கும். ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனைபேரும் சேர்ந்து ஏரிக்கே சோதனை எடுத்தால் ஆளுக்கு மிகச் சொற்பம்தான் வரும். மதகுப் பக்கம், நடுவில், கால்வாய் வந்து விழும் வாயில் என்று மூன்று இடத்திலும், மேலே ஒன்று, வெட்டப்போகும் ஆழத்தில் ஒன்று என்றும் மாதிரி எடுக்கவேண்டும். கால்வாய் வாய்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். முடிவு வரும்வரை அந்த ஏரியில் வண்டி இறங்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வையுங்கள், கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம்.

இந்த ஆண்டு ஏற்கெனவே வண்டல் அடித்துவிட்டீர்கள் என்றால், பரப்பாதீர்கள். குவியல் குவியலாக இருக்கும்போது திரும்ப அள்ள முடியும், உழுது கலந்துவிட்டால் முடியாது. மழை வருவதற்குள் குவியலின்மேல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், சுற்றிக் கரை கட்டிக் கசிவு வயலுக்குள் ஓடாமல் நிறுத்துங்கள், மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு முடிவு கையில் வந்தபிறகு ஏரில் கை வையுங்கள்.